முப்பது கோப்புகள் திறந்திருக்கும்போது: விஎஸ் கோட் எடிட்டர் பற்றிய மதிப்புரை

சிங்கப்பூரில் ஒரு செயலிக்கோ இணையப் பக்கத்துக்கோ தமிழ் வாசகம் எழுதுகிறவர் ஒரே ஒரு கோப்பைத் திறந்து வைத்து வேலை செய்வது அரிது. நான்கு அதிகாரத்துவ மொழிகளுக்கும் நான்கு கோப்புறைகள் இருக்கும்; நான்கிலும் ஒரே பெயர் கொண்ட கோப்புகள் வரிசையாக இருக்கும். கட்டணம் செலுத்தும் பக்கத்தில் ஒரு பொத்தானின் தமிழ்ப் பெயரைத் திருத்துவதற்குக்கூட ஆங்கில மூலத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், மலாய்க் கோப்பில் அதே பொத்தானுக்கு இடப் பற்றாக்குறையை எப்படிச் சமாளித்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்க வேண்டும், சொற்பட்டியலைத் திறக்க வேண்டும், போன பதிப்பில் என்ன இருந்தது என்று சரிபார்க்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பதற்குள் முப்பது கோப்புகள் திறந்திருக்கும். அவற்றில் இரண்டு மூன்றில்தான் வேலை நடந்துகொண்டிருக்கும். மற்றவை எதற்காகத் திறக்கப்பட்டன என்பது திறந்தவருக்கே மறந்துபோயிருக்கும்.

நிரலும் உரையும் எழுதுவதற்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாக வழங்கும் எடிட்டரான விஷுவல் ஸ்டுடியோ கோட், சுருக்கமாக விஎஸ் கோட், இந்த நெரிசலை எப்படிக் கையாளுகிறது என்பதை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன். நிரல் எழுத அது எவ்வளவு உதவுகிறது, எத்தனை நீட்சிகள் கிடைக்கின்றன என்பதையெல்லாம் பலரும் எழுதிவிட்டார்கள். திறந்து கிடக்கும் கோப்புகளை ஒரு எடிட்டர் எப்படிக் காட்டுகிறது, எப்படித் தேடித் தருகிறது, எப்படி மூட உதவுகிறது என்ற மூன்றையும் தமிழில் வேலை செய்கிறவரின் கண்ணோடு பார்த்தால், வழக்கமான மதிப்புரைகளில் வராத சில விஷயங்கள் தெரியவருகின்றன.

முதலில் காட்டும் விதம். 2015 ஏப்ரலில் விஎஸ் கோட் அறிமுகமானபோது, திறந்த கோப்புகளின் பெயர்களை மேலே வரிசையாகக் காட்டும் டேப்களே அதில் கிடையாது. இடப்பக்கத்தில், கோப்புறைகளுக்கு மேலே, வேலையில் இருக்கும் கோப்புகளின் பட்டியல் ஒன்று மட்டும் இருந்தது. பிரவுசரில் பழகிய பயனர்கள் டேப் வேண்டும் என்று விடாமல் கேட்டார்கள். 2016ஆம் ஆண்டின் நடுவில் டேப் வந்தது. பழைய பட்டியல் 'ஓப்பன் எடிட்டர்ஸ்' என்ற பெயரில் இன்னும் இருக்கிறது. திரையில் அது தென்படாவிட்டால், 'எக்ஸ்ப்ளோரர்' என்னும் இடப்பக்கக் கோப்புப் பகுதியின் தலைப்பு ஓரத்திலுள்ள மூன்று புள்ளிகளைச் சொடுக்கித் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். என் கணிப்பில், முதலில் இருந்த ஏற்பாடே சரியானது. டேப்பைக் கேட்டவர்கள் தவறாகக் கேட்டுவிட்டார்கள் என்று சொல்ல வரவில்லை; ஆறேழு கோப்புகளுக்குள் வேலை முடிகிறவர்களுக்கு அது கைக்கு அருகில் இருக்கும் நல்ல வசதிதான். ஆனால் எண்ணிக்கை பத்தைத் தாண்டியதும் கணக்கு மாறிவிடுகிறது.

எழுத்து இடமிருந்து வலமாக ஓடுகிறது. டேப்களும் இடமிருந்து வலமாகவே அடுக்கப்படுகின்றன. ஆகவே ஒவ்வொரு பெயரும் தன் முழு நீளத்தையும் அந்த ஒற்றை வரியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஒரு டேப்புக்குச் சராசரியாக 150 பிக்சல் என்று வைத்துக்கொண்டால், 1920 பிக்சல் அகலமுள்ள திரையின் முழு அகலத்தையும் கொடுத்தாலும் பன்னிரண்டுக்கு மேல் தெரியாது; பக்கப்பட்டி எடுத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தால் இன்னும் குறையும். பக்கவாட்டுப் பட்டியலிலோ ஒரு வரியின் உயரம் 22 பிக்சல்தான். முப்பது பெயர்களுக்கு 660 பிக்சல் போதும். சாதாரண மடிக்கணினித் திரையிலேயே அடங்கிவிடும். தமிழில் பெயர் வைக்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு இன்னும் கூடுதல். 'சிறுகதைத் தொகுப்பு மெய்ப்பு' என்ற பெயர் எடுக்கும் அகலத்தில் ஆங்கிலப் பெயர்கள் இரண்டு உட்கார்ந்துவிடும். டேப்களைச் சுருக்கிக் காட்டும்படி அமைத்தால் பெயரின் வால் வெட்டுப்படுகிறது. நாம் பெயர் வைக்கும் வழக்கத்தில் 'சிறுகதைத் தொகுப்பு' என்பது எல்லாவற்றிலும் முன்னால் நிற்கும்; மெய்ப்பா, இறுதி வடிவமா என்று பிரித்துக் காட்டும் சொல் வாலில்தான் இருக்கும்.

விஎஸ் கோட் இதற்குச் சில மாற்றுகளைத் தருகிறது. டேப்கள் ஒரே வரியில் நில்லாமல் அடுத்தடுத்த வரிகளுக்கு மடங்கும்படி செய்யலாம். குத்தி வைத்த டேப்களுக்குத் தனி வரி ஒதுக்கலாம். 'பின்' என்னும் இந்தக் குத்தி வைக்கும் வசதி, உணவங்காடி நிலையத்தில் மேசைமேல் டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம் பிடிப்பதைப் போன்றது: சொற்பட்டியலையும் நடைக் குறிப்பையும் குத்தி வைத்துவிட்டால், மற்றவற்றை மொத்தமாக மூடும்போதும் அவை நகர்வதில்லை. ஆனால் டேப்களை மூன்று வரிகளாக மடித்துப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள், அது பட்டியலும் இல்லை, வரிசையும் இல்லை. ஒரு கோப்பை மூடியதும் மற்ற எல்லாம் இடம் மாறி உட்கார்ந்துகொள்கின்றன, கண் பழகிய இடம் கைவிட்டுப் போகிறது. பட்டியலை வெளியே கொண்டுவந்து, அது ஸ்க்ரோல் ஆகாமல் காட்டும் பெயர்களின் எண்ணிக்கையை அமைப்புகளில் கூட்டிவைப்பதே நல்லது. இயல்பாக அது ஒன்பது பெயர்களை மட்டும் காட்டும். ஒன்பதுக்காக அந்தப் பட்டியலை வைத்திருப்பதில் பொருளில்லை. முழுப் பாதையின்படி அதை வரிசைப்படுத்தவும் முடியும். அப்படிச் செய்தால் தமிழ்க் கோப்புகள் ஓரிடத்திலும் மலாய்க் கோப்புகள் ஓரிடத்திலும் தாமாகவே சேர்ந்துகொள்கின்றன.

ஒரே பெயருடைய கோப்புகள் விஷயத்தில் விஎஸ் கோட் நன்றாகவே தேறுகிறது. 'லாகின்' என்ற பெயரில் நான்கு கோப்புகள் திறந்திருந்தால், ஒவ்வொன்றின் பெயருக்கு அருகிலும் அதன் கோப்புறைப் பெயரை மங்கிய எழுத்தில் சேர்த்துக் காட்டுகிறது. மற்ற எடிட்டர்களும் இதற்கு ஆளுக்கொரு வழி வைத்திருக்கின்றன. ஈமாக்ஸ் கோப்புப் பெயரை அடுத்து முக்கோண அடைப்புக்குள் கோப்புறைப் பெயரை வைக்கிறது. விம் தன் டேப் வரியில் கோப்புறைகளை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிப் பெயருக்கு முன்னால் போடுகிறது. நம் நான்கு மொழிகளின் குறியீடுகளும் நான்கு வெவ்வேறு எழுத்துகளில் தொடங்குவதால் அந்தச் சிக்கனம் இங்கே தற்செயலாக ஒத்துப்போகிறது. நோட்பேட் பிளஸ் பிளஸில் நான்கு டேப்களும் ஒன்றுபோலவே இருக்கும். மவுஸை மேலே கொண்டுபோய் நிறுத்தினால்தான் முழுப் பாதை தெரியும். ஆனால் அதில் டேப்களுக்கு நிறம் கொடுக்கலாம். ஐந்து நிறங்கள் இருப்பதால் மொழிக்கு ஒன்று போக ஒன்று மிஞ்சும்.

விஎஸ் கோட்டில் இதைவிடச் சிறந்த ஒன்று 2024இல் வந்தது. எந்தக் கோப்புறையில் இருக்கும் கோப்புக்கு டேப்பில் என்ன பெயர் காட்ட வேண்டும் என்பதை நாமே விதி எழுதி வைக்கலாம். தமிழ்க் கோப்புறையில் உள்ள எதுவானாலும் 'தமிழ்' என்ற சொல்லை முதலில் போட்டு, அதன்பின் கோப்புப் பெயரைக் காட்டு என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். பெயர் வெட்டுப்பட்டாலும் மொழி வெட்டுப்படாது. தமிழ் அறிவிப்பில் ஓர் எழுத்துப் பிழை வந்தாலே படம் பிடித்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிடும் ஊர் இது. தமிழ் வாசகம் மலாய்க் கோப்புக்குள் போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பு வேலையில் இருக்கிற ஒருவர் விஎஸ் கோட்டில் ஒரே ஓர் அமைப்பை மட்டும் மாற்றுவதென்றால் இதைத்தான் மாற்ற வேண்டும்.

கோப்பின் நிலையைக் காட்டும் குறிகளில் அவ்வளவு கவனம் செலுத்தப்படவில்லை. பக்கப்பட்டியில் ஒரு கோப்பை ஒருமுறை சொடுக்கினால் அது 'பிரிவியூ' நிலையில் திறக்கிறது. அதாவது, அடுத்த கோப்பைச் சொடுக்கியதும் முந்தையது மறைந்து அதே இடத்தில் புதியது வந்துவிடும். இரட்டைச் சொடுக்கு கொடுத்தாலோ, ஏதேனும் ஓர் எழுத்தை மாற்றினாலோதான் அது நிலைக்கும். டேப் நெரிசலைக் குறைக்க இது நல்ல யோசனைதான். ஆனால் இந்தக் கோப்பு நிலையானது அன்று என்பதற்கு விஎஸ் கோட் தரும் ஒரே அடையாளம், டேப்பில் பெயர் சாய்வெழுத்தில் இருப்பதுதான். ஆங்கில எழுத்துருக்களில் சாய்வெழுத்து தனியாக வரையப்பட்டிருக்கும். ஒரு பார்வையிலேயே வேறுபாடு பிடிபடும். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அப்படித் தனி வடிவம் இல்லாததால் மென்பொருள் நேரெழுத்தையே கொஞ்சம் சாய்த்துக் காட்டுகிறது. வளைவும் சுழியும் நிறைந்த எழுத்து, சிறிய அளவில், சற்றே சாய்ந்தால் யாருக்குத் தெரியும்? தமிழில் கோப்புப் பெயர் வைத்திருப்பவர், படித்துக்கொண்டிருந்த கோப்பு எங்கே போனது என்று தேட வேண்டியதுதான். மெய்ப்புப் பார்க்கிறவர்கள் எழுத்தை மாற்றாமல் படித்துக்கொண்டே போகிறவர்கள் என்பதால், அவர்கள் இந்த வசதியை அணைத்துவிடுவது உத்தமம்.

சேமிக்காத கோப்பைக் காட்டும் குறியிலும் ஒரு சிக்கனம் இருக்கிறது, அது எனக்கு ஒத்துவரவில்லை. டேப்பின் வலக் கோடியில் இருக்கும் மூடும் குறி, கோப்பில் மாற்றம் செய்ததும் ஒரு புள்ளியாக மாறுகிறது. அந்தப் புள்ளியின்மேல் மவுஸைக் கொண்டுபோனால் அது மறுபடியும் மூடும் குறியாகிவிடுகிறது. நிலையை அறிவிக்கும் இடமும் கோப்பை மூடும் இடமும் ஒன்றே. மூடும் முன் சேமிக்கட்டுமா என்று கேட்கிறது என்பதால் எழுதியது பறிபோகாது. என்றாலும் நோட்பேட் பிளஸ் பிளஸில் சேமித்ததற்கு நீல வட்டும் சேமிக்காததற்குச் சிவப்பு வட்டும் என்று, பெயருக்கு முன்னால் தனி இடத்தில் நிற்கும் அந்தப் பழைய குறி எவ்வளவோ தெளிவானது.

தேடித் தரும் விதத்துக்கு வருவோம். கோப்புகள் பெருகிவிட்டன என்று யாரிடம் முறையிட்டாலும் ஒரே பதில்தான் வரும்: கண்ட்ரோல்+பி (P) அழுத்திப் பெயரில் இரண்டு மூன்று எழுத்துகளை அடி, வந்துவிடும். சப்லைம் டெக்ஸ்ட் எடிட்டரின் இரண்டாம் பதிப்பு பிரபலமாக்கிய இந்த முறை இன்று பல எடிட்டர்களிலும் இருக்கிறது. எழுத்துகள் தொடர்ச்சியாக இல்லாவிட்டாலும் பொருத்திக் கண்டுபிடிக்கும் திறனும் வியக்கத்தக்கது. ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்கிறவர்களுக்கு இதற்கு மிஞ்சிய வழி இல்லை என்றே சொல்லலாம். தமிழில் தட்டச்சு செய்துகொண்டிருப்பவருக்கு நிலைமை வேறு. ஆங்கில விசைகளின் ஒலிப்படி தமிழ் அடிக்கும் அஞ்சல் விசைமுகத்தில் ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டுக் கண்ட்ரோல்+பி அழுத்தி, ஆங்கிலப் பெயருள்ள 'லாகின்' கோப்பைத் தேட ஐந்து விசைகளைத் தட்டினால், பெட்டியில் 'லொகின்' என்று தமிழில் விழும். கீழே பட்டியல் காலியாகிவிடும். விசைமுகத்தை மாற்றி, அடித்ததை அழித்து, மறுபடி அடித்து, கோப்பைத் திறந்து, திரும்பவும் தமிழுக்கு மாற வேண்டும். நாள் முழுக்க இரு மொழிகளுக்கிடையே போய்வருகிறவருக்கு இது எரிச்சலான சுற்று. கோப்புப் பெயர்களைத் தமிழில் வைத்தால் தீருமா என்றால், அங்கேயும் ஒரு முள் இருக்கிறது: 'கொ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஒன்றை மற்றொன்றாக ஏற்காத தேடல் எதுவானாலும் கண்ணுக்கெதிரே இருக்கும் கோப்பை இல்லை என்று சொல்லிவிடும்.

இந்தச் சிக்கலுக்கு எடிட்டரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எழுத்தே அடிக்காமல் கோப்பைப் பிடிக்கும் வழிகளின் மதிப்பு இங்கே பலமடங்கு உயர்கிறது. விஎஸ் கோட்டில் கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி டேப் விசையைத் தட்டினால், கடைசியாகப் பார்த்த வரிசையில் கோப்புகளின் பட்டியல் திரையில் வருகிறது. விரலை எடுத்ததும் தேர்ந்த கோப்பு திறக்கிறது. மூலத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் இடையே மாறிமாறிப் போக ஒரே தட்டு போதும், எந்த விசைமுகமானாலும் கவலையில்லை. கண்ட்ரோல்+பி பெட்டியிலும் எழுத்து எதுவும் அடிக்காமல், கண்ட்ரோலை விடாமல் பி விசையை மட்டும் திரும்பத் திரும்பத் தட்டினால் அண்மையில் திறந்தவை ஒவ்வொன்றாக வரும். சப்லைமிலும் கண்ட்ரோல்+டேப் இதே வரிசையில்தான் போகிறது, ஆனால் பட்டியலைக் காட்டாது. நான்காவது கோப்புக்குப் போக வேண்டுமானால் மூன்று தட்டா நான்கு தட்டா என்று மனக்கணக்குப் போட வேண்டும். விம் பிரியர்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது: இயங்குதளத்தின் தமிழ் விசைமுகம் செயலில் இருக்கும்போது, எழுத்து விசைகளாலேயே தரப்படும் விமின் கட்டளைகள் அத்தனையும் தமிழ் எழுத்துகளாகப் போய் விழுகின்றன என்பதால், கோப்பு மாற்றும் அதன் அருமையான குறுக்குவழிகளின் பயன் நம்மவர்களுக்குப் பாதிதான்.

மூடுவதற்குத்தான் எல்லா எடிட்டர்களும் மிகக் குறைவாக உதவுகின்றன. திறப்பதற்குச் சொடுக்கு, இரட்டைச் சொடுக்கு, தேடல், சொல்லிலிருந்து தாவுதல் என்று எத்தனையோ வழிகள். எதை மூடலாம் என்று சொல்ல யாரும் இல்லை. விஎஸ் கோட்டில் சேமித்தவற்றை மட்டும் மொத்தமாக மூடும் கட்டளை இருக்கிறது. மாற்றம் செய்து சேமிக்காத கோப்புகளும் குத்தி வைத்தவையும் மட்டும் மிஞ்சும். நாளில் ஓரிரு முறை அதைப் பயன்படுத்தினாலே பாதி நெரிசல் தீரும். தவறி மூடிவிட்டால் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+டி (T) அழுத்தினால் திரும்ப வந்துவிடும் என்பதால் துணிந்து மூடலாம். இன்னொன்று, திறந்த கோப்புகளுக்கு உச்ச வரம்பு வைக்கும் அமைப்பு. இயல்பாக அது அணைந்திருக்கும். இயக்கினால் பத்து என்ற எண்ணில் தொடங்கும். வரம்பை மீறும்போது, நெடுநேரம் தொடாத கோப்பை அதுவே மூடிவிடுகிறது. சேமிக்காதவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விடவும் சொல்லலாம். பத்து என்பது நான்கு மொழி வேலைக்குப் போதாது; பதினாறு, இருபது என்று வைத்துக்கொண்டால் உறுத்தாது. சத்தமில்லாமல் வேலை செய்யும் இந்த அமைப்பு ஏன் இயல்பாகவே இயங்குவதில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

இந்த இடத்தில் பழையவர்களிடம் கற்றுக்கொள்ள விஎஸ் கோட்டுக்கு இன்னும் இருக்கிறது. 1985இல் வெளிவந்த குனு ஈமாக்ஸ், டேப் வரியை 2020இல்தான் தன் 27ஆம் பதிப்பில் சேர்த்துக்கொண்டது. அதுவரை எத்தனை கோப்புகள் திறந்திருந்தாலும் பட்டியல்தான். ஆனால் நள்ளிரவானதும் ஓடி, மூன்று நாளாகத் திரைக்கு வராத கோப்புகளைத் தானே மூடிவிடும் ஒரு வசதி அதில் உண்டு. மாற்றம் சேமிக்கப்படாத கோப்புகளைத் தொடாது. எண்ணிக்கைக்குப் பதிலாகக் காலத்தை அளவுகோலாகக் கொண்டது நுட்பமான யோசனை. லினக்ஸில் பரவலாக இருக்கும் கேட் எடிட்டரோ எதையும் மூடுவதில்லை. தன் பக்கப் பட்டியலில் அண்மையில் பார்த்த கோப்புகளுக்கு ஒரு நிறச்சாயலும் அண்மையில் திருத்தியவற்றுக்கு வேறொரு சாயலும் பூசி, நேரம் போகப்போக அதை மங்கவிடுகிறது. பட்டியலைப் பார்த்ததும் எது சூடாக இருக்கிறது, எது ஆறிப்போனது என்று தெரிந்துவிடும். விஎஸ் கோட்டின் 'ஓப்பன் எடிட்டர்ஸ்' பட்டியலில் இன்று காலை முழுக்க உழைத்த கோப்பும் போன வாரம் எட்டிப் பார்த்த கோப்பும் ஒரே நிறத்தில் நிற்கின்றன.

வேறு எடிட்டர்களுக்கு மாறலாமா என்று கேட்பவர்களுக்கு: அலுவலகக் கணினி விண்டோஸ், எதையும் நிறுவ அனுமதி இல்லை, வேலை பெரும்பாலும் வெறும் உரைக் கோப்புகள் என்றால் நோட்பேட் பிளஸ் பிளஸ் போதும், நிறுவாமலே இயக்கும் வடிவமும் கிடைக்கிறது, ஆவணப் பட்டியலைப் பக்கவாட்டில் திறந்துகொள்ளலாம். சப்லைம் வேகமானது, ஆனால் 99 அமெரிக்க டாலர் உரிமக் கட்டணத்துக்கு இந்தத் துறையில் கூடுதலாக எதுவும் தரவில்லை. மற்றவர்கள் விஎஸ் கோட்டிலேயே இருந்து அதைத் திருத்திக்கொள்வது நல்லது.

அதில் மிஞ்சும் பெரிய குறை, ஒரு வேலைக்குரிய கோப்புகளை ஒரு கட்டாகக் கட்டி, பெயரிட்டு எடுத்து வைத்து, மறுநாள் அப்படியே விரிக்கும் எளிய வழி இல்லாதது. 2024இல் சேர்க்கப்பட்ட ஒரு வசதி, நிரலின் பதிப்புகளைப் பராமரிக்கும் 'கிட்' கருவியில் ஒரு கிளையிலிருந்து, அதாவது ஒரு தனிப் பதிப்பு வரிசையிலிருந்து, இன்னொன்றுக்கு மாறும்போது அந்தக் கிளைக்குரிய கோப்புத் தொகுதியையும் சேர்த்து மாற்றித் தருகிறது. நிரலாளர்களுக்கு அது வரப்பிரசாதம். மின்னஞ்சலில் ஜிப் கோப்பாக வேலை வந்து, அதே வழியில் திரும்பிப் போகும் மொழிபெயர்ப்பாளருக்குக் கிளையும் இல்லை, கிட்டும் இல்லை. அவர்கள் செய்யக்கூடியது, வேலைக்கு ஒரு கோப்புறையைத் தனிச் சாளரத்தில் திறப்பதுதான். ஒவ்வொரு சாளரமும் தன் கோப்புகளை நினைவில் வைத்துக்கொள்ளும். சாளரங்கள் பெருகினால் எது எந்த வேலை என்ற பழைய கேள்வி அங்கே மீண்டும் வரும். அந்தக் கோப்புறையின் அமைப்பில் தலைப்புப் பட்டைக்கு ஒரு நிறத்தைக் குறித்துவிட்டால், மருத்துவமனைக் கையேட்டுக்குப் பச்சை, பள்ளிச் சுற்றறிக்கைக்கு ஊதா என்று, பெயரைப் படிக்காமலே சாளரம் அடையாளம் தெரியும்.